மார்கழியில் வந்து திரும்பிய கார்

எனக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த சொகுசு செடான் எந்த மாதம் இறங்கும், என்ன விலை வைப்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (நான் ஆபீஸ் போவது ஷேர் ஆட்டோவில் என்பது வேறு விஷயம்.)

அப்போது ஒரு வெளிநாட்டு செடான் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அறுநூறு குதிரைசக்தி. சித்திரையில் வருகிறது என்றார்கள், அப்புறம் தீபாவளிக்கு என்றார்கள், கடைசியில் மார்கழியில் இறக்கினார்கள். விலையை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. என் டீம் தினேஷ் இரண்டு கோடி என்றான். ஒன்றரைக்கு மேல் ஒரு பைசா போகாது என்றேன் நான். தோற்றவர் டீமுக்கே பிரியாணி வாங்கித் தரவேண்டும். பதினெட்டுப் பேர்!

பொறுக்க முடியாமல் கம்பெனி இணையதளத்தில் படிவம் நிரப்பினேன். தொழில்: தொழிலதிபர். 'வண்டியை வீட்டிலேயே பார்க்க விருப்பமா?' என்ற கட்டத்திலும் ஒரு டிக். போனில் கூப்பிட்டு விலை சொல்வார்கள், அவ்வளவுதான் என்று நினைப்பு. முகவரி மட்டும் அசல்: ஆவடி, அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். (புத்திசாலி!)

சனிக்கிழமை காலை. நான் பல்கூட விளக்கவில்லை. எதிர்வீட்டு சரோஜா அக்காவின் கோலத்தையும் நடுவிலிருந்த பூசணிப்பூவையும் நசுக்கிக்கொண்டு அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. கோட் போட்ட ஒருவர் இறங்கி, "தொழிலதிபர் மேடம் இருக்காங்களா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

புது வண்டியைக் கண்டால் அம்மாவுக்கு ஒன்றுதான் தெரியும். நான் நைட்டியோடு ஓடிவருவதற்குள் பானட்டில் மூன்று சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம்.

"தொடாதீங்கம்மா! இது டெமோ வண்டிம்மா!" என்று அலறினார் கோட்டுக்காரர்.

"டெமோன்னா திருஷ்டி படாதா? பழத்து மேல ஏத்துப்பா," என்றாள் அம்மா, தேங்காயை ஓங்கியபடி.

ஆட்டோ ஓட்டும் மணி அண்ணன் அப்பாவின் முதுகில் தட்டினார். "இன்னா அண்ணாத்தே, உம் பொண்ணு கப்பலையே இட்டாந்துகீது!"

அப்பா அடுத்த மாதம் ரிட்டயர் ஆகவிருந்தவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்தார். "எனக்காகவாம்மா?" என்றார்.

ஐயோ! அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் லைன் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. என் மானம் கிடக்கட்டும், இத்தனை பேர் முன்னால் அப்பா தலைகுனிந்து நிற்கப்போகிறாரே! அவர் காதோரம் போய், "விலை தெரிஞ்சுக்கத்தான்பா வரச்சொன்னேன்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கோட்டுக்காரரிடம் திரும்பி, லைனுக்கே கேட்கும்படி, "எவ்வளவு தம்பி?" என்றார்.

"வரியெல்லாம் சேர்த்து ஆன்ரோடு ரெண்டு கோடி வரும் சார்."

(பிரியாணி போச்சு.)

அப்பா தொண்டையைச் செருமினார். "விலை பரவாயில்ல. ஆனா மார்கழியில வண்டி எடுக்கிற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது. தை பொறக்கட்டும், பாக்கலாம்."

"அதானே! மார்கழியில போய் யாராவது வண்டி எடுப்பாங்களா?" என்றார் சரோஜா அக்கா, பூசணிப்பூவை மறந்து. கோட்டுக்காரர் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, அம்மா கொடுத்த வெண்பொங்கல் டப்பாவோடு கிளம்பினார். (டப்பா இன்றுவரை திரும்பவில்லை. அம்மாவுக்கு வருத்தமெல்லாம் அதில்தான்.)

குவார்ட்டர்ஸைக் காலி செய்து அயனம்பாக்கம் வந்துவிட்டோம். பழைய லைன்காரர்கள் கல்யாண வீடுகளில் அப்பாவை இன்னமும் 'ரெண்டு கோடி காரைத் திருப்பி அனுப்பினவர்' என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். அப்பாவும் மறுப்பதில்லை. ஆனால் வீட்டில் நான் எதற்கு விலை கேட்டாலும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தை பொறக்கட்டும்," என்பார்.

போன பொங்கலன்று ஏசி வாங்கலாமா என்று கேட்டேன். அதே பதில்.

"அப்பா, இன்னைக்குத்தான் தை ஒண்ணு!"

"அடுத்த தையைச் சொன்னேன்," என்றார் அப்பா.