வால்நட் கேக்கும் வெறுங்குழியும்

இந்த அக்டோபரில் கோராவின் வால்நட் கேக்கில் ஒரு துண்டாவது தின்றே தீருவது என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்கு இனிப்பு ஆகாது என்றார் டாக்டர். அவர் என் மனைவியின் கேக்கைச் சாப்பிட்டதில்லை, பாவம்.

கோராவும் ஒரு முடிவு கட்டியிருந்தாள். போன வருஷம் சர்ச் கேக் போட்டிக்கு அவள் கொண்டுபோனது முக்கால் கேக். மீதியை எலி தின்றுவிட்டது என்றேன். "கத்தி வச்சு வெட்டித் தின்ன எலி!" என்று ஊரே சிரித்தது. இந்த வருஷம் முழுசாகப் போயாக வேண்டும்.

சனிக்கிழமை காலை, ஓக் மரத்தடியில் சாம்பல் அணில் ஒன்று குழி தோண்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா கோரா? அது எதையும் புதைக்கல."

"மண்ணைத் தள்ளி மூடுதே!"

"நடிப்பு! கிளையில இன்னொண்ணு நோட்டம் விடுது பார், அதை ஏமாத்தத்தான். கொட்டை இன்னும் வாய்லதான் இருக்கு. அது இங்க வந்து கிளறுறப்போ, இது வேற எங்கயாவது கொண்டுபோயிரும்."

"அட, உனக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு, வெண்டெல்!"

நாலு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் தெருக்கோடி வரை கேக் மணம். மாடிக்கு ஓடி ஜன்னலோரம் பதுங்கினேன். கோரா மூடிய தட்டோடு தோட்டத்துக் கொட்டகைக்கு நடந்தாள். இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை. உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பினாள். எனக்கு நாக்கில் ஊற்றெடுத்தது.

"வெண்டெல், பால் தீந்துபோச்சு. காரை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வா. மேடு பள்ளம் பாத்து, மெதுவா ஓட்டு."

என்ன பாசம்!

பாலோடு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். அவித்த புரொக்கோலி. பக்கத்தில் மறக்காமல் ஒரு முள்கரண்டி.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசல்.

"டிக்கியைத் திற" என்றாள். திறந்தேன். உள்ளே முழுக் கேக்! ஒரு கீறல் இல்லை.

"எப்ப வச்ச?"

"நேத்து நீ மாடிப்படி ஏறுற சத்தம் கேட்டப்பவே. வீட்டுக்குள்ள வச்சா உன் மூக்கு கண்டுபிடிச்சிரும்ல?"

ஆக, கொட்டையை வாயில் கவ்விக்கொண்டே பால் வாங்கிவந்த அணில் நான்தான்.