காட்சிப்பொருள் எண் மூன்றின் பிரசவம்

பழைய பண்ணைவீடு ஒன்றைப் பழுதுபார்த்து, கிராம வாழ்க்கையை உயிரோடு காட்டும் அருங்காட்சியகமாக மாற்றுவது என்று மேன்மை தங்கிய பண்பாட்டுத் துறை முடிவெடுத்தது. யார் மனமும் புண்படக் கூடாது என்றும் சேர்த்தே முடிவெடுத்தது. அதனால் வீட்டுக்காரர் வெளியேற்றப்படவில்லை, பட்டியலில் ஏற்றப்பட்டார். அவர் காட்சிப்பொருள் எண் ஒன்று. மனைவி எண் இரண்டு. பசு எண் மூன்று. வாசலில் டிக்கெட் கிழிக்கும் எனக்கு எண் கிடையாது, நான் தினக்கூலி.

விதி ஒன்றே ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வருடம் ‘அடிப்படை ஆண்டு’. அதற்குப் பின்னால் வந்த எதுவும் வாசலுக்கு உள்ளே இருக்கக் கூடாது. குழாயைப் பிடுங்கினார்கள், பல்பைக் கழற்றினார்கள். பிளாஸ்டிக் பிரேம் என்பதால் வீட்டுக்கார அம்மாவின் மூக்குக் கண்ணாடியை அருங்காட்சியகக் காப்பாளரே வாங்கித் தம் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு அந்த அம்மா தானியத்தில் கல் பொறுக்குவதைப் பார்த்த கூட்டம், "அடடா, என்ன நிதானம்!" என்று மெய்சிலிர்த்தது. பாவம், அவருக்குக் கல் எது, தானியம் எது என்றே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம் இருக்கும்போது பசுவுக்கு வலி கண்டது. இரண்டு மணி நேரமாகியும் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். காப்பாளர் வாசலில் மறித்தார். கெட்டவர் அல்ல, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார், அவ்வளவுதான்.

"அடிப்படை ஆண்டுல இந்தப் பக்கம் மாட்டு டாக்டர் கிடையாதுங்க."

"ஐயா, மாடு செத்துடும்யா" என்றார் வீட்டுக்காரர்.

"அந்த வருஷமும் செத்திருக்கும். அதுவும் மரபுதானே?"

அந்த அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "தம்பி, டிக்கெட் வாங்கினா யாரும் உள்ள வரலாமில்ல? டாக்டருக்கு ஒண்ணு கிழிங்க."

கிழித்தேன்.

"பார்வையாளர் காட்சிப்பொருளைத் தொடக் கூடாது. பலகையே மாட்டியிருக்கோம்" என்றார் காப்பாளர்.

"தொடாம எப்படிங்க கன்னுக்குட்டியை இழுக்கிறது?" என்று டாக்டர் கத்தினார்.

காப்பாளர் ஆழ்ந்து யோசித்தார். உள்ளே பசு கதறியது. அவர் மேலும் ஆழ்ந்து யோசித்தார். "நாட்டு வைத்தியர் வேஷம் கட்டினா கலை நிகழ்ச்சின்னு எடுத்துக்கலாம். தலைப்பாகை அவசியம்."

டாக்டர் ஊசியைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அவரும் வீட்டுக்காரருமாகக் கயிறு கட்டி இழுத்ததில் கன்று உயிரோடு வந்து விழுந்தது. கூட்டம் கை தட்டியது. "இன்னொரு தடவை செய்ங்க சார், வீடியோ எடுக்க விட்டுப்போச்சு" என்றார் ஒருவர்.

காப்பாளர் பதிவேட்டைத் திறந்தார். "கன்று இன்னைக்குப் பிறந்தது. உள்ள இருக்க முடியாது."

வீட்டுக்காரருக்கு அதுவரை அடக்கிய கோபமெல்லாம் பொங்கிவிட்டது. "பால் குடிக்காம சாகட்டுமா? அப்ப இதையும் எழுதுங்க. மாடு பொறந்து அஞ்சு வருஷம். எனக்கு அறுபத்திரண்டு. இவளுக்கு அம்பத்தேழு!"

காப்பாளர் நேர்மையானவர். எழுதினார். ஒரே கோட்டில் மூன்று எண்களும் ரத்தாயின.

"ஐயா, அப்ப நீங்க?" என்று கேட்டேன்.

"நான் பதவி. பதவிக்கு ஏதுப்பா வயசு?"

அந்த அம்மா கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு தன் வீட்டைப் பார்த்தார். "இவ்வளவு ஒட்டடையா?" என்றவர், தூக்கிய துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கன்றைத் தோளில் போட்டுக்கொள்ள, பசு பின்னால் போனது. அவருடைய தம்பி வீட்டுப் பின்புறம் ஒரு கொட்டகை இருந்ததாம்.

அடுத்த ஞாயிறு கூட்டம் வராது, என் வேலையும் போகும் என்று பயந்தேன். இரண்டு மடங்கு வந்தது. வெறும் அறைகளையும் வெறும் தொழுவத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருவர் கண் கலங்கி என்னிடம் வந்தார்.

"எங்க ஊரை அப்படியே கொண்டுவந்துட்டாங்கய்யா! வீடு இருக்கு, தொழுவம் இருக்கு, ஆளுதான் இல்ல. நாங்க டவுனுக்கு வந்து பதினஞ்சு வருஷமாச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தவருக்குச் சில்லறை கொடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர் வீட்டுச் சாவி விரலில் தட்டியது.