கழுவிய சிரட்டையும் கைதூக்கி அய்யனும்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மொட்டைப்பாறைக்களத்துக் கைதூக்கி அய்யன் மேல் சத்தியம். பொய்யென்றால் அந்த இரும்புக் கை சொன்னவன் பிடரியிலேயே இறங்கட்டும்.

சின்னமனூருக்குத் தெற்கே அந்தப் பாறையடியில் வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்புகள் வரிசை கட்டின. கம்பத்துத் திராட்சைக்காரர்கள், மேகமலை எஸ்டேட் ஆட்கள், கேரளாவிலிருந்துகூட இரண்டு வேன். பாறையில் கரண்ட் கம்பமே கிடையாது. ஆனாலும் அய்யன் சிலையின் கையில் காணிக்கைத் தட்டை வைத்து மனசுக்குள் ஒன்றைக் கேட்டால் கை மெல்ல மேலே எழும்; எழுந்தால் சம்மதம். ஒற்றை எலுமிச்சம்பழமானாலும் முழு வாழைத்தாரானாலும் ஒரே நிதானம், நடுக்கமே இல்லை. ஏழை பணக்காரன் பார்க்காத கை என்று சனம் உருகியது. பாறைக்குப் பின்னால் தடதடவென்று கேட்பது அய்யனின் மூச்சு என்றார் தங்கச் சித்தர். சித்தராவதற்கு முன் தேனியில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றியவர். ஞானம் எந்தப் பட்டறையில் காத்திருக்கும் என்று யார் கண்டது?

அய்யன் கேட்பது ஆளுக்கு ஒரு மூட்டை காய்ந்த தேங்காய்ச் சிரட்டை. தட்டில் இருப்பதைச் சித்தர் கேட்காமலே எடுத்துக்கொள்வார்.

திராட்சைத் தோட்டக்காரர் முத்துவீரனின் மகள் வேல்விழிக்கு வெளியூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பத்து நாளில் சேர வேண்டும். அனுப்பலாமா என்று அய்யனிடம் கேட்கப் போனார். அன்று முதல் மூட்டை அவருடையது. கை ஒரு சாண் எழுந்தது. அய்யனின் மூச்சு இருமியது. கை அப்படியே நின்றுவிட்டது.

"அய்யன் வேணாங்கிறாக," என்றார் சித்தர்.

கட்டிய பெட்டியைப் பிரித்துவிடச் சொன்னார் முத்துவீரன். வேல்விழி அழவில்லை. சாமிக்கு என்ன கொண்டுபோனீர்கள் என்று விசாரித்தாள். சிரட்டைதான். ஆனால் சாமிக்குக் கொடுப்பதாயிற்றே என்று முல்லையாற்றில் மூட்டையோடு முக்கிக் கழுவிக் கொண்டுபோனாராம். பக்தியில் அவர் எப்போதும் ஒரு படி மேல்.

"அப்பா, காத்தைக் கொறைச்சு விட்டுச் சிரட்டையை எரிச்சா ஒரு வாயு வரும். அதுல எஞ்சின் ஓடும், கரண்டு வரும். சிரட்டை ஈரமா இருந்தா வாயு கெட்டுப்போகும், எஞ்சின் இருமும். அந்தக் கை, கனத்துக்குத் தக்கன தானாவே விசையைக் கூட்டிக்கிற மிஷினு. இதைத்தான் நான் படிக்கப் போறேன்."

"சாமியைப் போயி எஞ்சின்ங்கிறியே தாயி."

"சாமின்னா கழுவுன சிரட்டைக்குக் கோவிப்பாகளா? இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பாப்போம். எல்லாச் சிரட்டையும் கழுவுனதா இருந்தும் கை முழுசாத் தூக்குனா அது சாமிதான், நான் போகலை."

அடுத்த வெள்ளியன்று ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, அழுக்குச் சிரட்டையையா அய்யனுக்குக் கொடுப்பீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அவ்வளவுதான். எண்பது மூட்டைகள் ஆற்றில் முங்கி எழுந்தன. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பாதையில் எதற்கு வருகிறார்கள்? காய்ந்த இருப்பு முழுவதையும் சித்தர் வழக்கம்போல் வியாழனன்றே கரி சுடுகிறவர்களுக்கு விற்றிருந்தார்.

முத்துவீரன் தட்டை வைத்தார். கை தூக்கிவிடக் கூடாதே என்று அந்தச் சாமியையே வேண்டிக்கொண்டார். கை இரண்டு சாண் எழுந்தது, நின்றது. பாறைக்குப் பின்னால் மஞ்சள் புகை குபுகுபுவென்று கிளம்ப, முகமெல்லாம் கரியாக ஓர் ஆள் இருமிக்கொண்டு ஓடிவந்தான். சனம் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. ஒரு பெரிய பீப்பாய், ஓர் எஞ்சின், அங்கிருந்து அய்யனின் முதுகுக்குள் போகும் ஒயர்.

"அய்யன் யோசிக்கிறாக," என்றார் சித்தர்.

"யோசிக்கட்டும் சாமி," என்றாள், வாழைத்தாரோடு வரிசையில் நின்ற அய்யம்மாள். "எங்களுக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. இன்னைக்கு இங்கனயே ஆரம்பிச்சுக்கிறோம்." தாரைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முத்துவீரனே மகளைப் பஸ் ஏற்றிவிட்டார்.

ஆகவே, யார் எதன் மேல் சத்தியம் செய்தாலும், முதலில் சிரட்டையைக் கழுவிப் பாருங்கள். சின்னமனூருக்குத் தெற்கே மொட்டைப்பாறைக்களம் என்று ஓர் ஊர் கிடையாது.