வாசலுக்கு வந்த கம்பம்

ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஏராளம் இருக்கலாம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே காலந்தள்ள ஒன்றே போதும்: அட்ஜஸ்ட். அதோடு ஒரு 'பண்ணிக்கிடுங்க' சேர்த்துவிட்டால் ராஜாங்கமே ஓடிவிடும். இந்தச் சொல்லைப் பழுதறக் கற்றவர் பிச்சை முகம்மது. பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. ஒரு மின்கம்பம் கற்றுக்கொடுத்தது.

பேண்டேஜ் கம்பெனியில் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட் அவருக்கு. ஊர் உறங்கும்போது விழித்திருந்து, ஊர் சத்தம் போடும்போது உறங்கப் பார்க்கிற பிழைப்பு. மற்ற மனிதர்களைப்போல இருட்டினதும் படுக்க வேண்டும், அம்புட்டுத்தான் ஆசை. அதற்காகவே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் சுருட்டுகிற பழைய மிஷின் ஒன்றைப் பேசி முடித்திருந்தார். முன்னறையில் போட்டுப் பகலில் ஓட்டினால் கம்பெனிக்கு ஒரு கும்பிடு.

மிஷின் மினிவேனில் வந்து இறங்குவதற்கு முந்தின நாள், அவர் போர்த்திப் படுத்திருந்த நேரம் பார்த்து, வாசலுக்கு நேர் நடுவில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நிலைக்கும் கம்பத்துக்கும் இடையே ஆள் ஒருக்களித்து நுழையலாம். மிஷின் ஒருக்களிக்காது.

அது தெருமுக்கில் ஐயாதுரை வீட்டு முன்னால் நின்ற கம்பம். ஐயாதுரை கார் வாங்கியதும் அதற்குக் கால் முளைத்துவிட்டது.

"எங்க வாசல்ல நட்டுட்டாங்களே அண்ணாச்சி" என்று போய் நின்றார் பிச்சை.

"எங்கனயாச்சும் நடணும்லய்யா? நீரு பகல்ல உறங்குறீரு, ராத்திரி வேலைக்குப் போயிருதீரு. வாசலை எம்புட்டு நேரம் பாக்கப்போறீரு? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடும்."

முதல் பொருள் விளங்கிற்று: என்னிடம் கார் இருக்கிறது.

மறுநாள் வந்திறங்கிய மிஷின் தெருவில் நின்றது. வானம் கறுத்தது. எதிர்வீட்டுக் கண்ணுச்சாமிதான் ஓடிவந்தார். தள்ளுவண்டியில் அவித்த கடலையும் சோளக்கதிரும் விற்கிறவர்.

"நனைஞ்சா துருப்பிடிச்சிரும் மாப்ளே. எங்க வீட்டுக்குள்ள தள்ளுங்க."

"உங்க வண்டி எங்க நிக்கும் மாமா?"

"அது நனைஞ்சு பழகுனது."

பிச்சை உள்ளூர் கரண்ட் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த கிளார்க், "கம்பத்து விஷயமெல்லாம் வில்லிபுத்தூர்ல பெரிய சாருதான் பாப்பாக. அலைச்சல் வேண்டாம்னா ஏதாச்சும் அட்ஜஸ்ட் பண்ணுங்க பாய்" என்று மேஜை டிராயரைப் பாதி திறந்து வைத்தார். இந்தப் பொருளுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பிச்சை பஸ் ஏறினார்.

மூன்று பேர் சீட்டில் அவர் மூன்றாவது. மம்சாபுரம் விலக்கில் ஏறிய ஒரு பெரியவர், "செத்த அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று நான்காவதாக அமர்ந்தார். பிச்சையின் பாதி உடம்பு வழிப்பாதைக்கு வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இன்னொருவர் வந்து நிற்க, அந்தப் பெரியவரே, "நாலு பேரு உக்காந்திருக்கோம், கண்ணு தெரியலையா?" என்று சீறினார். என்ன மனுசன் என்று பிச்சைக்கு வருத்தமாக இருந்தது.

வில்லிபுத்தூர் அதிகாரி இருளப்பசாமி அப்போதுதான் நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி முகாம் முடித்துத் திரும்பியிருந்தார். சட்டையில் மஞ்சளாக ஒரு சிரிக்கும் வட்டம் குத்தியிருந்தது. வட்டம் சிரித்ததால் அவர் சிரிக்கவில்லை.

"கம்பம் வாசலை மறைக்குது சார்."

"அப்படிச் சொல்லக்கூடாது. கம்பம் உங்க வாசல் தேடி வந்திருக்கு. எத்தனை கிராமத்துல கரண்டுக்காகக் காத்துக்கெடக்கான் தெரியுமா?"

"மிஷின் உள்ள போகமாட்டேங்குது சார்."

"மிஷின் அகலம் என்ன?"

"நாலடி."

"பாத்தீங்களா? குறை மிஷின்ல இருக்கு."

"ரெண்டடி இடதுபக்கம் தள்ளி நட்டாப் போதும் சார்."

"கம்பம் அரசுச் சொத்து, நட்ட இடத்துல நிக்கும். வீடு தனியார் சொத்து. எது நகரணும்னு நீங்களே சொல்லுங்க."

"வீடு எப்பிடி சார் நகரும்?"

"வீடு ஏன் நகரணும்? வாசல் நகரலாமே. எல்லாம் மனசு அட்ஜஸ்ட் ஆனாப் போதும். மனுவைக் குடுத்துட்டுப் போங்க. நாங்களும் பரிசீலிக்கிறோம், நீங்களும் பரிசீலிங்க."

அரசு இயந்திரம் முடுக்கிவிடப்பட்டது. ஒரு ஆய்வுக்குழு ஜீப்பில் வந்து, வீட்டை அளந்து, கண்ணுச்சாமியின் சோளக்கதிரையும் கள ஆய்வு செய்து, 'மேற்படி கம்பம் செங்குத்தாகவும் கண்ணியமாகவும் நிற்கிறது. மேற்படி குடும்பத்தார் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பதே இடைஞ்சலுக்குக் காரணம்' எனக் கண்டறிந்தது. அது அனுசரித்து வாழும் வாரமாகவும் அமைந்துவிட்டதால், கம்பத்தில் இருளப்பசாமியின் படத்தோடு ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள்: 'அனுசரிப்போம், உயர்வோம்.' அது வீட்டுக்கு இருந்த ஒரே ஜன்னலையும் மூடியது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து அதன் முன்னால் செல்பி எடுத்தார்கள்.

பிச்சையின் மனைவி மாஜிதா பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். "இவரு நம்ம வீட்டுக்குள்ள குடிவாரதுக்கு முந்தி சுவரை இடிச்சிருவோங்க" என்றாள்.

இடித்தார்கள். கடப்பாரை கண்ணுச்சாமியுடையது, பாதி உழைப்பும் அவருடையது. பழைய வாசலை அடைத்து, இரண்டடி இடதுபக்கம் தள்ளிப் புது வாசல் வைத்தார்கள். பூச்சு காய்ந்தது. நாளைக்கு மிஷினை ஏற்றிவிடலாம் என்றிருந்தபோது, காலையில் லாரி வந்து நின்றது.

போர்மேன் மாரீஸ்வரன் இறங்கினார். "இனிப்பு வாங்கி வையுங்க பாய், மனு சேங்ஷன் ஆயிருச்சு. ரெண்டடி இடதுபக்கம்."

பிச்சை புது வாசலைப் பார்த்தார். "வேண்டாம்ப்பா. நின்ன இடத்துலயே நிக்கட்டும்."

"அது எப்படி? நீங்க கேட்டுல்லா அரசாங்கம் குடுக்குது. வேண்டாம்னா வில்லிபுத்தூர் போயி ரத்து பண்ணணும். சாரு அடுத்த பயிற்சிக்குப் போயிருக்காக." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்பத்தைப் பிடுங்கிப் படுக்க வைத்துவிட்டார்கள்.

பிச்சையின் முகத்தைப் பார்த்து மாரீஸ்வரனுக்கே இரக்கம் வந்துவிட்டது. "சரி, நடாமத் திரும்பினா எனக்கு மெமோ. ரெண்டடிங்கிறதை முன்னப்பின்ன அட்ஜஸ்ட் பண்ணலாம், கம்பி நீளமாத்தான் கெடக்கு. இடத்தை நீங்களே காட்டுங்க பாய்."

அவரைப் பார்த்து இப்படி ஒருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிச்சை தெருவைப் பார்த்தார். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கண்ணுச்சாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு வியாபாரத்துக்குப் போயிருந்தார்; அவர் வீட்டுச் சாவி பிச்சையிடம்தான் இருந்தது. இருட்டினதும் படுக்கலாம் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் வந்து போனது.

"மொதல்ல மிஷினை எடுத்துருவோம்" என்றார். பொறவு விரலை நீட்டினார்.

பொழுது சாய, கண்ணுச்சாமி திரும்பினார். வாசல் நடுவில் கம்பம். கம்பத்தில் இருளப்பசாமி. வண்டியை நேராகவும் கோணலாகவும் தள்ளிப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். முன்னறையில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, வண்டி உள்ள போகமாட்டேங்குதே."

பிச்சை முகம்மது பேண்டேஜிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது நனைஞ்சு பழகுனதுதான மாமா. நீங்களும் காலையில போனா சாயந்தரம் வாரிய. வாசலை எம்புட்டு நேரம் பாக்கப்போறிய?"

 மாஜிதா கொண்டுவந்த டீயைக் கண்ணுச்சாமி வாங்கிக் குடித்தார். படியிறங்கினார். தன் வீட்டையும் கம்பத்தையும் பார்த்தவர், மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தார்.

நல்ல அகலமான வாசல்.