பேட்டரிப் பெட்டியும் தொண்டிக் கடலும்

ஓடிப்போவதென்று நான் முடிவு செய்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. யாருடனும் இல்லை. தனியாகத்தான்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்கள் வீட்டை ஒட்டியே, பனியன் துணி பின்னுகிற எங்கள் நிட்டிங் யூனிட். அந்த மெஷின் சத்தத்திலேயே தூங்கி, அதிலேயே எழுந்து பழகியதில் என் கனவில் வருகிறவர்கள் பேசுவதுகூட எனக்குக் கேட்காது. வாய் மட்டும் அசையும். யூனிட்டை மகன் தரணீதரனிடம் ஒப்படைத்த பிறகு எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். கடற்கரையில் வண்டியை நிறுத்தி, அதிலேயே படுத்துக்கொண்டு, அலைச் சத்தம் கேட்க வேண்டும். அலை எவ்வளவு நேரம் பேசினாலும் 'மாத்திரை போட்டீங்களா' என்று கேட்காது.

அதற்குத்தான் அந்த வேனை வாங்கினேன். கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காகக் கட்டில், அடுப்பு, ஃபேன், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டி. சக்கரம் வைத்த வீடு. அவர் வெளிநாடு போய்விட, வெயிலிலும் மழையிலும் கிடந்து கடைசியில் என்னிடம் வந்தது.

"எதுக்குங்க இது?" என்றாள் என் மனைவி ரங்காத்தாள்.

"ரிப்பேர் பண்ணி வித்தா நல்ல வெலைக்குப் போகும்."

"ஆகட்டுங்க."

அவள் 'ஆகட்டுங்க' என்றால் வேறு ஏதோ ஆகப்போகிறது என்று பொருள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

வண்டியில் எல்லாம் சரிதான், பேட்டரிப் பெட்டியைத் தவிர. இஞ்சினுக்கும் ஃபேனுக்கும் சேர்த்து ஒரே பெரிய பேட்டரி. கட்டிலுக்கடியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்தேன். ஒயர் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது, தேங்காய் பர்பியை உதிர்த்துவிட்ட மாதிரி. ஆசிட் கசிந்து கசிந்து அடித்தகடு சல்லடையாகிவிட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே எங்கள் வீட்டுக் கோழி நடந்துபோனது.

பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் துருவைத் துருவ ஆரம்பித்தேன். நான் துருவைத் துருவ, ரங்காத்தாள் என்னைத் துருவினாள்.

"ஏனுங்க, விக்கற வண்டிக்கு இத்தன பாடா?"

"வாங்கறவன் பெட்டியத் தொறந்து பாக்காம இருப்பானா?"

"அதுவுஞ் செரிதானுங்க. சும்மா சொரண்டினா ஆசிட்டு போகுங்களா? ஆப்பச்சோடாவக் கரைச்சு ஊத்திப் பாருங்க."

ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. பொங்கி அடங்கியதும் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெட்டி நான்கு நாள் காய்ச்சல் விட்ட முகம் மாதிரித் தெளிந்துவிட்டது. என் வேட்டிதான் தெளியவில்லை. துவைத்துக் காயப்போட்டபோது அதில் பொத்தல் பொத்தலாக ஆகாயம் தெரிந்தது.

"காத்தாட இருக்குங்க உங்களுக்கு," என்றாள் ரங்காத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவளை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஓட்டைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அதன்மேல் கறுப்பு பெயின்ட் இரண்டு கோட்டு. இனி ஆசிட் கசிந்தாலும் இரும்பில் படக்கூடாது என்று அனுப்பர்பாளையத்துக்கே போய், பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் நல்லானிடம் அளவு சொல்லி எவர்சில்வரில் ஒரு தட்டு செய்து வாங்கிவந்தேன். நாலு பக்கமும் விளிம்பு மடக்கி, நடுவில் முகம் பார்க்கலாம்.

ரங்காத்தாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலுமிச்ச ஊறுகாய எதுல போடறமுங்க?"

"பிளாஸ்டிக் டப்பாவுல."

"எவர்சில்வர்ல ஏன் போடறதில்லீங்க?"

"அரிச்சுப்போடும்."

"எலுமிச்சங்காய்க்கே அரிக்குதுன்னா ஆசிட்டுக்கு அரிக்காதுங்களா?"

என் எவர்சில்வர் தட்டு முறுக்கு பிழிந்து வைக்கச் சமையலறைக்குப் போய்விட்டது. பெட்டிக்கு அவளுடைய பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். அச்சாகப் பொருந்தியது. பேட்டரியை அதில் இறக்கி, ஒயர் முனைகளில் வாஸ்லின் தடவி, பெல்ட் போட்டு இறுக்கிவிட்டு நிமிர்ந்தால் அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கமா ஒரு ஓட்டை போடுங்க."

"எதுக்கு புள்ள?"

"உள்ளார கேஸ் சேராதுங்களா? பேட்டரியும் மூச்சு உடோணுமில்லீங்க."

நியாயம்தான். போட்டேன். அந்தப் பக்கம் எங்கள் ஹால் ஜன்னல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ரங்காத்தாள் ஐந்து பெண்களை வைத்துப் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தைத்து வரும் குழந்தைச் சட்டைகளில் தொங்கும் நூலைச் சின்னக் கட்டரால் நறுக்கி எடுக்கிற வேலை. பக்கத்துக் குடோன் சுவர் மறைப்பதால் பட்டப்பகலிலும் ஹாலுக்கு லைட் வேண்டும். அது இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் போவது போய், கரண்ட் வந்தால்தான் செய்தி என்று ஆகிவிட்ட வருசம். அரை இருட்டில் சட்டையையே வெட்டிவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகும். "ஒரு இன்வெர்ட்டர் வாங்கித் தாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பாக்கலாம்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எனக்கோ கரண்ட் போனால் கொண்டாட்டம். நெருப்பெரிச்சல் முழுக்க மெஷின்கள் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தும். நான் வண்டிக் கட்டிலில் படுத்து ஃபேனைப் போட்டுக்கொள்வேன். பெயின்ட் வாசனை மெல்ல உப்புக்காற்றாக மாறும். கண்ணை மூடினால் வண்டி லேசாக ஆடும். ஆடுவது அலையா, அடியில் முதுகு சொறியும் கோழியா என்று நான் ஆராய்ந்து பார்த்ததில்லை.

பிசிறு வெட்டும் பெண்களில் விஜயராணி தொண்டிப் பக்கத்துக்காரி. ஒருநாள் அவளிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

"உங்க ஊருக் கடக்கரையில வண்டி நிறுத்த எடம் இருக்குதா கண்ணு?"

"ரோடு போயி கடலுக்குள்ளயே முடியுதுண்ணே. எத்தன வண்டி வேணாலும் நிப்பாட்டலாம்."

"சும்மாதான் கேட்டேன்."

"சரிண்ணே."

பிசிறே இல்லாத திட்டம். வெள்ளிக்கிழமை வண்டி தயார். சனிக்கிழமை அவிநாசியில் ரங்காத்தாளின் சொந்தத்தில் கல்யாணம். "எனக்கு வேல கெடக்குதுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். பைக்கில் போய் விருந்து சாப்பிட்டு, பொழுது இறங்கத் திரும்பினேன். ஞாயிறு காலை பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

"வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்கறேன் புள்ள. பல்லடம் வரைக்கும்."

சாவியைத் திருப்பினேன். டக். மறுபடியும் திருப்பினேன். அந்த டக்கும் இல்லை.

பெட்டியைத் திறந்தேன். பேட்டரி மூச்சுவிடப் போட்ட ஓட்டை வழியாக இரண்டு தடித்த ஒயர்கள் வெளியே போய், ஹால் ஜன்னலுக்குள் நுழைந்தன. தொடர்ந்து போனேன். ஜன்னலை ஒட்டி உள்ளே ஒரு புது இன்வெர்ட்டர். மேலே அணைந்துகிடந்த டியூப் லைட். அதற்குக் கீழே ஐந்து பெண்களும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்துப் பூராவும் கரண்டே இல்லீங்க," என்றாள் ரங்காத்தாள். "இன்வெர்ட்டர எந்தம்பி குடுத்தான். பேட்டரி நம்மகிட்டயே இருக்குதே, அதையெதுக்கு வாங்கோணும்? ஒரு வேலையும் நிக்கலீங்க. நீங்க செஞ்ச பெட்டி அருமையான பெட்டிங்க."

"நான் கெளம்பறேனே!"

"எங்கீங்க?"

"அதான் பல்லடம்."

"பல்லடத்துக்கு எதுக்குங்க தலகாணி?"

நான் விஜயராணியைப் பார்த்தேன். அவள் கட்டரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா கேட்டாங்கண்ணே. நீங்க கேட்டதச் சொன்னேன். சும்மாதான் சொன்னேன்."

ரங்காத்தாள் கோபிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடலப் பாக்கறதுக்கு எதுக்குங்க ஒளிவு மறைவு? இவுங்கள்ல நாலு பேரு கடலையே பாத்ததில்லீங்க. நானுந்தான் பாத்ததில்ல. ஆர்டரு முடியற மாதிரித்தான். பேட்டரிய சார்ஜுல போட்டு வைங்க, அடுத்த சனிக்கெழம எல்லாரும் போலாம்."

அப்படித்தான் போனோம். வண்டி ஓட்டியது நான். சார்ஜ் அவள் கையில். தாராபுரம் தாண்டுவதற்குள் என் கட்டிலில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். அடுப்பில் டீ கொதித்தது. ஃபேன் ஒரு நொடியும் நிற்கவில்லை. பெட்டியில் ஒரு சொட்டு ஆசிட் கசியவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் தொண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். விஜயராணி சொன்னது போலவே ரோடு நேராகப் போய்த் தண்ணீரில் முடிந்தது. கடல் பெரிதாக ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. சின்னச் சின்ன அலைகள் வந்து மணலைத் தொட்டுவிட்டு, எதையோ மறந்துவிட்டது போலத் திரும்பிப் போயின. பெண்கள் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். ரங்காத்தாளும் ஓடினாள். முழங்கால் வரை தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் சின்னப்பிள்ளை போல வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருசமாக மெஷின் சத்தத்தில் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்காமலே போயிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினேன். உலகத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

ஈரக்கை ஒன்று என் தோளைத் தொட்டது. ரங்காத்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்து என் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தைச் சட்டைகள். பிறகு என் விரலில் ஒரு கட்டரை மாட்டிவிட்டு, தலைக்கு மேலே லைட்டைப் போட்டாள்.

"ஆர்டரு முடிஞ்சுதுன்னியே?"

"முடியற மாதிரின்னு சொன்னனுங்க. திங்கக்கெழம குடுத்தாகோணும்."

"நான் அலைச் சத்தம் கேக்கத்தான் வந்தேன் புள்ள."

"நல்லாக் கேளுங்க," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். "கை சும்மாதானே இருக்குதுங்க."