தெரியலை டாக்டரும் என் காதோரக் கட்டியும்

தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை, "தெரியலை" என்று சொல்லியே பெயர் வாங்கிய ஒரே டாக்டர் எங்கள் தெரியலை டாக்டர்தான். மேற்குத் தாம்பரத்தில் அவருடைய லேபில் பதினான்கு வருடம் ரிப்போர்ட் டைப் செய்தேன்.

கட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஸ்லைடையும் மைக்ராஸ்கோப்பில் மூன்று முறை பார்ப்பார்: டீக்கு முன், டீக்குப் பின், மறுநாள் காலை. மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. மனைவியின் ரிப்போர்ட்டுக்காக அலைந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஒருநாள் பொங்கிவிட்டார்.

"இன்னா சார், உனுக்கே தெரியலைன்னா நாங்க யாராண்ட போவோம்?"

"என்னாண்டயே வா. நாளைக்கு."

எச்சில் சுரப்பிக் கட்டி என்றால் மூன்று முறை முப்பதாகிவிடும். "எட்வின், இந்தக் கட்டி அபூர்வமா வருவான். வந்தாலும் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கினு வருவான்" என்பார் என்னிடம். ஊசியில் எடுத்த துளி சாதுவாக இருக்கும். வில்லங்கம் வேறொரு மூலையில் ஒளிந்திருக்கும்.

அப்படியொன்று என் இடது காதுக்குக் கீழேயே வந்தது. கோலிக்குண்டு அளவு. ஊசிப் பரிசோதனையில் சாதாரணக் கட்டி போலத்தான் இருந்தது. "தெரியலை. முழுசா எடுத்து அனுப்பச் சொல்லு" என்றார். அனுப்பினார்கள். வேறு யாராக இருந்தாலும் நாலைந்து துண்டு பார்த்து முடித்திருப்பார்கள். இவர் முழுக் கட்டியையும் இருபத்திரண்டு துண்டாக்கினார். ஆபரேஷன் செய்த டாக்டர் போனில் கத்தினார்.

"சார், நல்லதா கெட்டதா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

"இன்னும் எட்டுத் துண்டு பாக்கி."

எனக்குச் சோறு இறங்கவில்லை. "சாதாரணம்னு போட்டுடலாமே சார்" என்றேன்.

"உன் கட்டின்னா உன் இஷ்டமா? போய் வேலையப் பாருய்யா."

ஒன்பதாம் நாள், பத்தொன்பதாவது துண்டில், கடுகளவு இடத்தில் புற்று. கட்டியின் உறையைத் தாண்டியிருந்தது. மறு ஆபரேஷனும் கதிர்வீச்சும் நேரத்தோடு நடந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது என் செக்கப் ரிப்போர்ட் "எல்லாம் சரி" என்று மத்தியானத்துக்குள் போனுக்கே வந்துவிடுகிறது. யாராவது ஒருவர் எனக்காகக் கொஞ்சம் குழம்பினால் தேவலை என்று இருக்கிறது.

அன்றைக்கு என் கட்டியின் ரிப்போர்ட்டை மட்டும் அவர் என்னிடம் டைப் செய்யத் தரவில்லை. "இத நீ அடிக்க வேணாம். வெளிய உக்காரு" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் இரண்டு விரலால் அவரே அடித்தார். முழுக்கப் பெரிய எழுத்து, ஓரமெல்லாம் கோணல், வரிக்கு வரி வேறு இடைவெளி. அந்த லேபில் நான் திருத்தாமல் விட்ட ஒரே ரிப்போர்ட் அதுதான்.