நாலாம் நம்பர் கிளாஸ்

முப்பது வருஷம் சோப்பு கம்பெனியில் மோந்து பார்க்கும் வேலை பார்த்தவன் நான். சிரிக்காதீர்கள். ரோஜா சோப்பில் ரோஜா மணக்கிறதா, வெறும் சோப்பு மட்டும் மணக்கிறதா என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்ட மூக்குக்காரனுக்கு, மாதம் ஒரே ஒரு பாட்டில் விஸ்கி என்று வீட்டில் உத்தரவு. போட்டவள் என் மனைவி. ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளிடம் எதற்கும் ஓர் அளவு உண்டு.

ஒரு நாள் எனக்கு மூளை வேலை செய்தது. இந்த மாதத்தின் சிறந்த விஸ்கி எது என்று தேர்வு வைத்தால் என்ன? தேர்வு என்றால் ஒப்பிட வேண்டும். ஒப்பிட நாலு பாட்டிலாவது வேண்டும். ஒன்றுக்குத்தான் அனுமதி, ஆனால் வீட்டுக்குள் நாலு! என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பேராசை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஏக்கமும் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு என் ஃபோர்மேன் ஒரு பாட்டில் விஸ்கி பரிசு கொடுத்தார். அப்போது தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். கீழே மெஷின் ஓடினால் எங்கள் கட்டில் நடுங்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிப்பேன். அவள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். லேசான இனிப்பு, தொண்டையில் ஒரு கதகதப்பு, கடைசியில் லவங்க வாசனை. எட்டு மாதம் வந்தது அந்த பாட்டில். அட்சய பாத்திரம்தான், போங்கள்! அப்புறம் அதே விஸ்கியைத் தேடி வாங்கிக் குடித்தும் பார்த்தேன். அந்த ருசி இல்லை. கம்பெனிக்காரன் கெடுத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த ருசி கிடைக்காதா என்று அடித்துக்கொண்டது மனசு.

"ஏம்மா, நாலு பாட்டில் வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? குளிக்கவா?"

"ஆராய்ச்சிம்மா. எது நல்லதுன்னு ஒரேயடியா முடிவு பண்ணிடலாம்."

சண்டை வரும் என்று இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"தாராளமா பண்ணுங்க. ஆனா எது பிடிக்குதோ அது மட்டும்தான் இனிமே இந்த வீட்ல. மத்தது எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. எழுதிக் கொடுங்க."

"மாசா மாசம் மாத்தக் கூடாதா?"

"ஒரேயடியான்னு நீங்கதானே சொன்னீங்க?"

எழுதிக் கொடுத்தேன். மாடி வீட்டில் குடியிருக்கும் கடிகார ரிப்பேர்க்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தேர்வு. மனுஷர் இரண்டரைக்கே வந்துவிட்டார்.

பாட்டிலைப் பார்த்தால் பாரபட்சம் வரும் என்று அவளே சமையலறையில் ஊற்றி, நம்பர் ஒட்டிய நாலு கிளாஸைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்றாம் நம்பர். "பெட்டிக்குள்ள பூட்டி வெச்ச பழைய கோட்டு."

இரண்டாம் நம்பர். "மழையில நனைஞ்ச கட்டில் கால்."

"அதை எப்ப சார் சாப்பிட்டுப் பார்த்தீங்க?" என்றார் கடிகாரக்காரர்.

மூன்றாம் நம்பர். "பரவாயில்ல. ஆனா எங்க மேனேஜர் மாதிரி. சிரிக்கவே மாட்டேங்குது."

நாலாம் நம்பர். ஒரு வாய்தான் குடித்தேன். தையல் மெஷின் ஓடியது. கட்டில் நடுங்கியது. டிரங்குப் பெட்டி மேல் இருபத்திரண்டு வயதில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதாம்மா! இதேதான்! இத்தனை வருஷமா எங்கே போயிருந்துச்சு இது?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முப்பது வருஷ மூக்கும்மா. சாகிற வரைக்கும் இதுதான்!"

கடிகாரக்காரர் என் தீர்ப்பைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டார். அவள் உள்ளே போய் நாலு பாட்டிலையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நாலாவதில் சீல்கூட உடையவில்லை.

"அப்ப நான் குடிச்சது?"

"இருமல் மிக்ஸ்சர். கருக்கின சர்க்கரை, தேன், லவங்கம், ஆற வெச்ச தண்ணி."

"அப்ப அந்தக் காலத்துல..."

"முதல் சனிக்கிழமை குடிச்சது மட்டும்தான் நிஜம். அன்னிக்கு நீங்க பாட ஆரம்பிச்சீங்க. வீட்டுக்காரர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாரோன்னு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். மறுநாளே நிஜத்தை வேற பாட்டில்ல மாத்திட்டு, இதை ஊத்தி வெச்சேன். குறையக் குறைய ஊத்தினேன்."

"அதுக்கப்புறம் நான் பாடலையே?"

"யார் சொன்னா? எட்டு மாசமும் பாடினீங்க."

கடிகாரக்காரர் நாலு பாட்டிலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "மத்தது வீட்ல இருக்கக் கூடாதாமே. சட்டம்னா சட்டம் சார்!" படியேறும்போது அவர் இத்தனை வேகமாகப் போய் நான் பார்த்ததே இல்லை.

நான் கையில் நாலாம் நம்பரோடு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு வாய் குடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

"போகட்டும். அந்த நிஜ விஸ்கியை என்னம்மா பண்ணினே? கீழே கொட்டிட்டியா?"

"ஐயோ, யாராவது கொட்டுவாங்களா? சனிக்கிழமை சனிக்கிழமை நான் குடிச்சேங்க. இல்லாட்டி எட்டு மாசம் உங்க பாட்டை எப்படிங்க சிரிச்ச முகமா கேட்டிருக்க முடியும்?"